கணக்கில் வராத மின்சாரம்

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீள அலுமினியக் கம்பி கிடக்கிறது. ஒரு முனை கருகியிருக்கும். தொட்டால் விரலில் கரி ஒட்டும். அதில் நூலால் கட்டிய சீட்டில், 'அதிகாரி இதைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும்' என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர் ஒரு பேராசிரியர், மின்சாரம் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அதை அதிகாரியிடம் கொடுக்காமல் விட்டவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குறிப்பு எழுதும் உதவியாளனாக இருந்தேன். எவ்வளவு பெரிய அறிக்கை வந்தாலும் ஒரே பக்கமாகச் சுருக்கி அதிகாரி முன் வைக்க வேண்டும். அதற்கு மேல் அவர் படிக்க மாட்டார். அதனால் எனக்குத் திமிர் நிறையவே இருந்தது. பேராசிரியரோ ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் தெருவில் ஓராண்டு வீடு வீடாக அலைந்து, சாயங்காலமானால் தறிக்கு மேலே டியூப்லைட் ஏன் எரிவதில்லை என்று கண்டுபிடித்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பும் மின்சாரத்தில் ஒரு பங்கைப் பழைய கம்பி சூடேறி வழியிலேயே தின்றுகொண்டிருந்தது. கம்பியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதை நூற்றுச் சொச்சம் பக்கங்களில் எழுதி, அந்தப் பழைய கம்பியில் ஒரு துண்டையும் கோப்பில் கட்டிக் கொண்டுவந்தார்.

"ஒரு பக்கத்துல அடங்காதுங்க. சுருக்குறவருக்கு மொதல்ல விஷயம் புரியணும்" என்றார். பக்கத்தில் நின்ற பியூன் சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது.

வழியில் வீணாவதை அவர் அறிக்கை முழுக்க 'கணக்கில் வராத மின்சாரம்' என்றே எழுதியிருந்தார். அவர்கள் துறையில் அதற்கு அதுதான் பெயர். எங்கள் அலுவலகத்தில் கணக்கில் வராதது என்றால் சோதனையில் பிடிபடுவது, அதாவது திருட்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன்: 'மேற்படி தெருவில் கணக்கில் வராத மின்சாரம் மிக அதிகம். நடவடிக்கை தேவை.' எல்லாம் அவருடைய சொற்கள்தான். கம்பியைக் கோப்பிலிருந்து கழற்றி இழுப்பறையில் போட்டேன். அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம் ஜீப்பில் ஆட்கள் போய், பேராசிரியரின் அறிக்கை என்று சொல்லி, சந்தேகத்தின் பேரில் பாதித் தெருவுக்கு இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்தார்கள்.

பேராசிரியர் பதறிக்கொண்டு என் மேசைக்கு வந்தபோது, அந்தத் தெருப் பெண் ஒருத்தி மனுவோடு அங்கே நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீ மீட்டர் பாத்துக்கினு இருந்தப்ப மோர் கலக்கிக் குடுத்தேனேபா. எங்கள திருடங்கன்னு எழுதிக் குடுக்கத்தான் வந்தியா?"

"நான் கம்பியத்தாம்மா சொன்னேன். சார், நீங்க சொல்லுங்க" என்று அவர் என்னைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அறிக்கையைப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தேன். "வார்த்தை சாரோடதுதாம்மா. கையெழுத்தும் அவரோடதுதான்."

பியூன் மறுபடியும் சிரித்தான். அது எனக்கு இனித்தது. பேராசிரியர் மின்தடை, வெப்பம் என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினார். அவள் பாதியிலேயே போய்விட்டாள். அவர் அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கும் வரவில்லை, அந்தத் தெருவுக்கும் போகவில்லை.

சில வருடம் கழித்து ஒரு மழையில் அந்தத் தெருவின் கம்பி தானாகவே அறுந்து விழுந்தது. அதன்பின் மாற்றினார்கள். இப்போது அங்கே எல்லா வீட்டிலும் விளக்கு பளிச்சென்று எரிகிறது. 'சுருக்கமாக எழுதுவதில் இவருக்கு நிகரில்லை' என்று எனக்குச் சால்வை போர்த்தி ஓய்வு கொடுத்தார்கள். இழுப்பறையில் கிடந்த துண்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. வெட்கமாக இருக்கிறது என்று இங்கே எழுதினால், அதையும் ஒரு வரியில் சுருக்கியதாகிவிடும்.

சில நாட்களில் இழுப்பறையைத் திறந்து கம்பியை எடுக்கிறேன். கருகிய முனையில் அது பாதியாக மெலிந்திருக்கிறது. அவர் எழுதியது சரிதான். கையில் வாங்கிப் பார்த்தால் போதும், ஒரு பக்கம்கூடத் தேவையில்லை.