பெண்கள் ஏறாத மலை

ஸ்ட்ரெதம் பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குள் நான் நுழைந்ததும் ஜப்பானிய ஊதுபத்தி வாசனை மூக்கில் ஏறியது. "நம்ம மலைக்கோயில் மண்சரிவுல போயிடுச்சாம், ஒண்ணுமே மிச்சமில்லையாம்" என்று அண்ணன் கண் கலங்கினான். எனக்குத் துளி வருத்தம் வரவில்லை.

அப்பா ஜப்பானில் என்ஜினியராக இருந்த வருடங்களில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கோயில்தான் தின்றது. அடிவாரத்தில் மரத்தில் செதுக்கிய இரண்டு காவலர் சிலைகள் முறைத்துப் பார்க்கும் வாசல், அதைத் தாண்டினால் புகையில் கறுத்த மண்டபம், அதற்குப் பின்னால் தேவதாரு மரங்களுக்கிடையே பாசி வழுக்கும் படிகள், உச்சியில் மலையையே தெய்வமாகக் கும்பிடும் சின்னச் சன்னதி. புத்தரையும் மலைத்தெய்வத்தையும் ஒன்றாக வணங்கிய துறவிகள் கட்டிய கோயில், அதை ஒரு காலத்தில் அரசாங்கமே தடைசெய்து மூடியது என்று அப்பா உருகிச் சொல்வார். பெண்கள் இதற்கு மேல் ஏறக்கூடாது என்று படிகளின் தொடக்கத்தில் நட்டிருந்த கல்லைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

அவரும் அண்ணனும் ஏறிப்போக, நானும் அம்மாவும் மண்டபத்தின் குளிர்ந்த பலகையில், மேலிருந்து வரும் சங்கொலியைக் கேட்டபடி, கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கல்லைத் தாண்டி ஏறினாள். பாதி வழியில், இறங்கி வந்துகொண்டிருந்த அப்பா மறித்து நின்றார்.

"கீழ இறங்கு. என் மானத்த வாங்காத."

"உங்க சாமிக்கு நான் என்ன பண்ணேன்?" என்றாள் அம்மா.

அவர் நகரவில்லை. இறங்கினோம்.

அடுத்த ஞாயிறு அம்மா கோயிலுக்குப் போகவில்லை, என்னையும் அனுப்பவில்லை. சாயங்காலம் அப்பா திரும்பிவந்து கதவைத் தட்டியபோது நான் எழுந்தேன்.

"உட்காரு" என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டும்."