கையெட்டும் தூரத்தில் அடுத்தவர் வலை

போன தை மாதம், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மடியில் ஒரு நாவல். அதில் ஒருவன் காயலில் மூழ்குகிறான். பக்கம் பக்கமாக மூழ்குகிறான். மூழ்கிக்கொண்டே காதலித்தவள், கல்யாணம், அண்ணனோடு போட்ட சண்டை என்று எல்லாவற்றையும் யோசிக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் பற்றி வீட்டுக்குள் உட்கார்ந்தா பேசுவது? ஏரியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், கையில் புத்தகத்தோடு நின்று பேசினால் எப்படி இருக்கும்! பஸ் நிற்பதற்குள் முதல் வரியை மனதுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

நான் யூடியூபில் புத்தக விமர்சனம் செய்கிறவள். மற்றவர்கள் வீடியோவில் பின்னால் அழகாக ஓர் அலமாரி இருக்கும், பக்கத்தில் ஒரு பூச்செடி இருக்கும். எங்கள் வீட்டில் வலை மூட்டைதான். அதன் முன்னால் உட்கார்ந்து பேசுவேன். பார்ப்பவர்கள் குறைவு; ஆனால் விடாமல் பார்ப்பார்கள், விடாமல் சண்டையும் போடுவார்கள்.

அத்தை மகள்தான் எனக்குக் கேமரா. விஷயத்தைச் சொன்னதும், "மூழ்குற சீனுக்கு மூழ்கியே காட்டப் போறியா? லைக்குக்கு இன்னா வேணா பண்ணுவே நீ" என்று கிண்டல் செய்தாள். ஆனாலும் கிளம்பிவிட்டாள். நைனா அன்று பெரிய படகில் கடலுக்குப் போயிருந்தார். அவருடைய சின்ன ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு, கழி ஊன்றித் தள்ளியபடி முகத்துவாரத்துப் பக்கம் போனோம். சின்ன வயதில் கிளிஞ்சல் பொறுக்கிய மணல்திட்டு அங்கேதான் இருந்தது.

இரண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு யாரும் நீச்சல் சொல்லித் தருவதில்லை. ஏரியில் எங்கே இறங்கினாலும் கால் தட்டும், பிறகு எதற்கு நீச்சல்? மழைக்குப் பிறகு மெஷின் வைத்து முகத்துவாரத்தை ஆழமாக வெட்டித் திறந்திருந்தார்கள். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் மனதுக்குள் இருந்த ஏரி பழைய ஏரி.

இறங்கினேன். இடுப்பளவுதான். நன்றாகவே பேசினேன். "ஏரிக்காரன் எவனும் இப்படி மூழ்க மாட்டான், எழுதினவருக்குத் தண்ணீரே தெரியாது" என்று சிரித்தும் வைத்தேன். அத்தை மகள், "மூஞ்சில நெழல் உழுது, கொஞ்சம் பின்னால போ" என்றாள். ஓரடி வைத்தேன். கீழே ஒன்றுமே இல்லை.

தண்ணீர் மூக்கிலும் காதிலும் ஏறியது. மேலே வந்தபோது படகு எங்கேயோ இருந்தது. கடல் வற்றி, வத்தம் இழுக்கிற நேரம். ஏரித் தண்ணீர் முழுவதும் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மகளின் கழி தரையைத் தொடவில்லை. படகு அவளோடு சேர்ந்து சுற்றியது. அவள் என் பெயரைச் சொல்லிக் கத்துவது தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. அங்கே போனால் அவ்வளவுதான்.

அப்போதுதான் கட்டுவலை வந்தது. ஓட்டத்துக்குக் குறுக்கே வரிசையாகக் கழி நட்டு, இறாலுக்காகக் கட்டியிருக்கும் வலை. முதல் கழி என் கைக்கே வந்தது.

நான் பிடிக்கவில்லை.

எங்கள் ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், எந்த ஊர்க்காரர் வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். அடுத்தவர் பாட்டில் கை வைப்பது சின்னத் தப்பு இல்லை. பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். அன்று பாடு எங்கள் ஊருக்கு இல்லை. கழியைப் பிடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும், வலை போகும், நைனா கூட்டத்துக்கு நடுவில் தலை குனிந்து நிற்பார். இவ்வளவும் அந்த நொடியில் எனக்குத் தெளிவாகத் தோன்றியது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த கழியும் போனது.

"வலையப் புடிமே! புடி!"

யாரோ ஆண் குரல். அதற்குப் பிறகுதான் கை நீண்டது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. கழி சாய்ந்து, வலை பிரிந்து, இறால்கள் என் முகத்தை உரசிக்கொண்டு போயின. எத்தனை நேரம் தொங்கினேனோ, என்னால் சொல்ல முடியவில்லை. சட்டென்று ஒரு கை என் பின்னலைப் பிடித்துத் தூக்கியது.

அந்தப் படகில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். வலை அவர்களுடையது. மூத்தவருக்கு நைனா வயது இருக்கும். நான் வாந்தி எடுத்து முடிக்கும்வரை என் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மொத கழி கைக்கே வந்துச்சே, ஏன் புடிக்கல?" என்றார்.

"உங்க பாடு மாமா" என்றேன்.

"நாளிக்கி உங்க நைனா வந்து கேட்டா, பாடுன்னு உட்டுட்டேன்னு நான் சொல்றதா?" என்றார். குரல் நடுங்கியது. என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. தம்பிக்காரர் அதற்குள் அத்தை மகளின் படகைக் கயிறு போட்டு இழுத்துவிட்டார். அவளுக்கு அழுகை நிற்கவே இல்லை.

மறுநாள் நைனா நூலும் ஊசியும் எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனார். மூன்று பேருமாக உட்கார்ந்து வலையைத் தைத்தார்களாம். பஞ்சாயத்து என்ற பேச்சே வரவில்லையாம்.

புத்தகம் போய்விட்டது, போனில் வீடியோ இருக்கிறது. ஒரே ஒரு முறை பார்த்தேன். நான் சிரிக்கிறேன், பின்னால் போகிறேன், பிறகு வெறும் தண்ணீர். சாகப் போகிற நொடியில் நானும்தான் எதை எதையோ யோசித்தேன், அதுவும் பஞ்சாயத்தைப் பற்றி. அந்த எழுத்தாளரிடம் மன்னிப்புக் கேட்டு வேறு வீடியோ போட்டேன். வழக்கம்போல அதற்கும் சண்டை வந்தது.

வெயில் காலம் வந்து தண்ணீர் அடங்கியதும் நானும் அத்தை மகளும் நீச்சல் பழகப் போகிறோம். இன்னும் சில பெண்களும் வருகிறோம் என்கிறார்கள். இப்போதும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் என் கை தானாக எதையோ தேடுகிறது. அகப்படுவது யாருடையது என்று பார்க்காமல் பிடிக்க, அந்தக் கையைத்தான் முதலில் பழக்க வேண்டும்.