மாந்தோப்பில் நான்கு டிகிரி

1984 ஏப்ரல், புதன்கிழமை. காலை ஒன்பதரைக்கு இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நெய்வேலி டவுன்ஷிப்பில் முத்தாண்டிக்குப்பம் பஸ் ஏறினேன். டிக்கெட் எழுபத்தைந்து பைசா. கையில் தெர்மாமீட்டர்.

"கொயந்தைக்கு ஜொரமாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க, மாமரத்துக்கு."

"அப்ப ஊசி யாரு போடறது?" என்றது பின்சீட்டு. பஸ்ஸே சிரித்தது.

எங்கள் பிளாக்கில் பழம் விற்கும் அஞ்சலை அக்காவின் தோப்புக்குப் போகிறேன். அவர் குடும்பத்துக்கு வருஷ வருமானமே அதுதான். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும் பழ ஈ, போதுமான வெப்பம் சேர்ந்தபின் வெளிவரும். தினசரி வெப்பநிலையைக் கூட்டிவந்தால் அந்த நாளை முன்கூட்டியே சொல்லலாம் என்று விலங்கியலில் படித்திருந்தேன். குவார்ட்டர்ஸ் வராந்தாவில் இரண்டு மாதம் அளந்து, வெள்ளிக்கிழமை ஈ வரும், வியாழனன்று மருந்து வைத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கணக்கு தப்பாக இருக்குமோ என்ற பயம்தான் இன்றே கிளப்பியது.

பத்தேகாலுக்கு இறங்கி, செம்மண் பாதையில் ஒரு மைல் நடந்தேன். மரத்தடியெங்கும் பிஞ்சும் காயும் உதிர்ந்து கிடந்தன. அக்கா ஒரு காயைப் பிளந்து காட்டினார். வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"பத்து நாளா ஈ பறந்துகினுதான் இருந்துச்சி. நீங்க வெள்ளிக்கெழமைன்னு எழுதினீங்களே, இது வேற ஈன்னு வுட்டுட்டேன்."

தெர்மாமீட்டரைக் கிளையில் கட்டினேன். கால்மணியில் முப்பத்தெட்டு. எங்கள் வராந்தாவில் அந்நேரத்துக்கு முப்பத்துநான்கைத் தாண்டியதில்லை.

"வெயிலு ஏமாத்திடுச்சி, நீங்க என்னா பண்ணுவீங்க," என்றார் அக்கா.

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. தோப்பில்தான் அளக்க வேண்டும் என்று படித்தவள் நான். குழந்தையோடு தினம் வர முடியாதென்று, வராந்தாவே போதுமென நானே முடிவு செய்தேன்.

"வெயில் இல்லக்கா. எங்க வராந்தாவுல அளந்தேன். தப்பு என்னோடது."

அக்கா கையிலிருந்த புழுக்காயைக் கீழே போட்டார். "அங்கியா? கூடைய எறக்கி வெச்சிட்டு நான் கண்ணசர்ற எடமாச்சே அது."

ஒரு மணிவரை இருவரும் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தோம். கொட்டாங்குச்சிகளில் வெல்லப்பாகும் மருந்தும் கலந்து தொங்கவிட்டோம். பாதி மரங்களாவது தேறினால் பெரிது. தெர்மாமீட்டரை அங்கேயே விட்டுவிட்டேன். கிளம்பும்போது அக்கா கேட்டார்: "அடுத்த ஈ எப்ப வரும்னு பாத்து சொல்றீங்களா?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டேகால் பஸ். டவுன்ஷிப் மரநிழலுக்குள் நுழைந்ததும் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்தது. மகள் உடனே தூங்கிவிட்டாள். அந்தக் காற்று எல்லா ஊருக்கும் பொது என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தேன்.