நாலாவது கம்ப்யூட்டரின் கேமரா

பிள்ளைகளா, உங்கள் மாமாவும் நானும் சதுரங்கப்பட்டினத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியது உங்களுக்குத் தெரியும். அங்கே கேமரா வைப்பதா வேண்டாமா என்று நாங்கள் சண்டை போட்டது தெரியாது. அதைச் சொல்கிறேன். பயப்படுகிறவர்கள் பகலில் படியுங்கள்.

அந்தக் காலத்தில் எந்தக் கடையில் பார்த்தாலும் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்து கெடுத்துவிடும். அதனால் உங்கள் மாமா எங்கள் நான்கு கம்ப்யூட்டரிலும் யாரும் கேள்விப்படாத ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டிருந்தார். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் பிரித்துப் படித்துப் பார்க்கலாம் என்று இலவசமாகக் கொடுப்பது அது. அவர்களுக்குப் பாதுகாப்புதான் முதல், மற்றதெல்லாம் பிறகு. அதில் கேமரா வேலை செய்யாது.

வேலை செய்ய வைக்கலாமா என்று அவர்களுக்குள் மின்னஞ்சலில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் மாமா வேண்டாம் என்கிற கட்சி. டீ குடிக்கும்போதுகூட அதே பேச்சு.

“கண்ணு இல்லாத பொட்டி யாரையும் பாக்காது மச்சான். கண்ணு வெச்சிட்டா, அந்தாண்டேர்ந்து எவன் பாக்கறான்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?”

“எவன்டா உன் மூஞ்சிய உக்காந்து பாக்கப் போறான்?” என்பேன்.

எனக்குக் கேமரா வேண்டும். காரணம், மீனவர் தெருவிலிருந்து வரும் ஒரு பெண். அவள் புருஷன் அரபு நாட்டில் படகுப் பட்டறையில் வேலை பார்த்தான். அவன் போன பிறகுதான் மகள் பிறந்தாள். முதல் மொட்டை அடிக்கிறவரை குழந்தையைப் போட்டோ எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எடுத்தால் ஆயுசு குறையுமாம். தாய்மாமனும் வெளிநாட்டில் இருந்ததால் மொட்டை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பெற்ற மகளுக்கு யாருடைய மூக்கு என்றுகூட அவனுக்குத் தெரியாது. இனி மூன்று வருடம் வர முடியாது என்று அவன் சொல்லிவிட்ட அன்று, அவள் வந்து கடை வாசலில் நின்றாள்.

“கேமரால காட்னா போட்டோ எடுத்த மாதிரியாண்ணா?”

அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் அவளுடைய நாத்தனார். மீன் விற்கிற அம்மா, இடுப்பில் கூடையோடே வந்துவிட்டாள்.

“பேப்பர்ல நிக்குமா அது?”

“நிக்காதுக்கா. பாத்த ஒடனே போயிடும்” என்றேன்.

“போயிடும்னு நீ சொல்ற” என்றார் உங்கள் மாமா மெதுவாக. “அந்தாண்ட இருக்கறவன் புடிச்சி வெச்சிகினா?”

“என் தம்பிதானேடா அந்தாண்ட கீறான்!” என்றாள் நாத்தனார்.

மாமா வழிக்கு வந்தார். அந்தக் குழுவில் யாரோ சோதனைக்கு எழுதிப் போட்டிருந்த கேமரா புரோகிராமை எடுத்து நாலாவது கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு கேமராவையும் வாங்கி மாட்டினார். மழை கட்டி நின்ற மதியம். காற்றே இல்லை. கடல் இரைச்சல்கூடக் கேட்கவில்லை. திரையில் எங்கள் கடை வந்தது. நான் தலையைத் திருப்பினேன். திரையில் இருந்த நான் திருப்பவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் கழித்துத் திருப்பினேன்.

“படம் லேட்டா வருது, அவ்ளோதான்” என்றார் மாமா. ஆனால் அவர் புரோகிராமை மூடிய பிறகும் கேமராவின் சிவப்பு விளக்கு அணையவில்லை. பார்க்கச் சொல்கிறவர் யாருமில்லாமல் அது பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் ஒயரைப் பிடுங்கினார்.

மறுநாள் குழந்தையோடு வந்தார்கள். புருஷன் பக்கம் கேமரா கிடையாது. ஸ்பீக்கரில் அவன் குரல் மட்டும்தான். மாமா இணைப்புக் கொடுப்பதற்காக எங்கள் பக்கத் திரையில் வேறு ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார். அதனால் போகிற படம் எங்களுக்குத் தெரியவில்லை. தாய் குழந்தையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்தாள்.

“தெரியுதா? பாப்பா தெரியுதா?”

கொஞ்சம் கழித்து ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. “ஏய்... பாப்பாக்கு மூஞ்சி எங்க?”

தாய் குழந்தையைக் கேமராவுக்கு இன்னும் அருகே தூக்கிக் காட்டினாள்.

“கை கீது, காலு கீது. மூஞ்சி இருக்கற எடத்துல கருப்பா ஒண்ணு கீது. எங்கிட்ட இன்னாத்த மறைக்கறீங்க? கொழந்தைக்கு இன்னா ஆச்சி?”

தாய் குழந்தையின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். தன் கண்ணையே அவள் நம்பவில்லை. குழந்தை சிரித்தது. மாமா கீ-போர்டை வேகமாகத் தட்டினார். “நான் அப்பவே சொன்னேன், இத ஏத்தக் கூடாதுன்னு” என்று முணுமுணுத்தார். அங்கே அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

நாத்தனார்தான் முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “இதோ பாரு, நான் ஒண்ணும் தப்பா செய்யல. கொழந்தைக்கு வெச்சப்பதான் இதுக்கும் வெச்சேன்.”

“எதுக்கு இன்னா வெச்ச?” என்றார் மாமா.

“பாக்கற கண்ணு இதுதானே? அதான் திருஷ்டிப் பொட்டு வெச்சேன். மையி.”

கேமராவின் கண்ணாடி நடுவில் கடுகளவுக்குக் கண்மை அப்பியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தாய் முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மை கண்ணாடியில் பரவி, பிறகு தெளிந்தது.

ஸ்பீக்கரில் அழுகை நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. எங்கள் எதிரில் இருந்தது ஒரு சிவப்புப் புள்ளியும் ஒரு கண்ணாடித் துளியும்தான். குழந்தை திரையைப் பார்க்கவில்லை, குரல் வந்த ஸ்பீக்கரையும் பார்க்கவில்லை. அந்தத் துளியையே பார்த்தது. எங்கள் யாருக்கும் தெரியாத எதையோ பார்ப்பதுபோல் கண்ணைக் கொட்டாமல் பார்த்து, கையை நீட்டியது.

“அவளுக்கு நான் தெரியறனா?” என்று கேட்டான் அவன்.

தாய் என்னைப் பார்த்தாள். நான் உங்கள் மாமாவைப் பார்த்தேன். சொல்லட்டும் என்பதுபோல் அவர் தலையை அசைத்தார்.

“தெரியுதுப்பா” என்றாள் அவள். “ஒன்னியேதான் பாத்துகினு கீறா.”

அன்று மாலை மாமா அந்தக் குழுவுக்கு எழுதினார். கேமரா இருக்கட்டும், ஆனால் பெட்டிக்குச் சொந்தக்காரன் சரி என்று சொல்கிறவரை அதிலிருந்து வெறும் கருப்புதான் போக வேண்டும் என்று.