வராதவர்களுக்கு வரைந்த அட்டைகள்

ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அரிசி ஆலையில் நெல் அவியும் வாசனை... குடவாசலில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறை முழுக்க அதுதான். விதைக் கம்பெனி ஒன்றில் முதல் வேலை. பகலெல்லாம் வயல் வயலாகச் சுற்றுவேன். பொழுது சாய்ந்தால் பேச ஆள் கிடையாது.

அப்போதுதான் ஃபேஸ்புக்கில் அந்தக் குழு கண்ணில் பட்டது. விளையாடும் சீட்டு அளவுக்கு அட்டை வெட்டி, கையால் படம் வரைந்து, இன்னொரு ஓவியரோடு மாற்றிக்கொள்கிறார்கள். நானும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி வரைய ஆரம்பித்தேன். நாற்றங்கால், மதகு, டிராக்டர் பின்னால் நடக்கும் கொக்கு... மழைக்காலத்தில் வாட்டர்கலர் லேசில் காயாது. டேபிள் ஃபேன் முன்னால் வைத்துவிட்டு, துணைக்கு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது துணை.

குழுவில் இருந்த டெல்டாக்காரர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் பூங்காவில் சந்திப்பதாக முடிவானது. வருகிறேன் என்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரே ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் பிஸ்கட் டப்பா.

"குடவாசல் தம்பியா நீங்க? நான் ஸ்டெல்லா, நாகூர்லேருந்து வர்றேன்."

"ஆமாங்கக்கா. மத்தவங்க?"

"வந்துருவாங்க."

யாரும் வரவில்லை. ஒருவர் மட்டும் காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பினார்.

அக்கா டப்பாவைத் திறந்தார். கட்டுமரம், காயப்போட்ட வலை, கோடியக்கரை உப்பளம்... கணவர் இறந்த பிறகுதான் வரையத் தொடங்கினாராம். மகன் மஸ்கட்டில்.

சாயங்காலம் வரை பேசினோம். ஆளுக்கொரு அட்டை மாற்றிக்கொண்டோம். எழுந்திருக்கும்போது டப்பாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் என் கையில் வைத்தார்.

"வராதவங்களோடதையும் நீயே வச்சுக்கப்பா. திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா மனசு தாங்காது."

நானும் என்னுடையதை எல்லாம் கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் 'அன்புடன்' என்று போட்டு, வேறு யார் யார் பெயரோ எழுதியிருந்தது.

பிறகு கொஞ்ச காலம் தபாலில் மாற்றிக்கொண்டோம். மகன் அழைத்துக்கொண்ட பின் மஸ்கட்டிலிருந்தும் சில வந்தன, வெறும் மணல் நிறத்தில். அப்புறம் நின்றுவிட்டது. அக்காவின் நம்பரும் மாறிவிட்டது.

இப்போது நான் தஞ்சாவூரிலேயே இருக்கிறேன். வரைந்ததைப் போட்டோ எடுத்துப் போட்டால் நிமிஷத்தில் இதயங்கள் வந்து குவிகின்றன. "சூப்பர் சார், என்ன விலை?" என்று கேட்கிறார்கள்.

"விலையெல்லாம் இல்லைங்க. நீங்களும் ஒண்ணு வரைஞ்சு அனுப்புங்க, மாத்திக்குவோம்" என்கிறேன்.

அதோடு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடுகிறது...