பம்பர் சிவப்பில் மூன்று சங்குகள்

எங்கள் வீட்டில் இரண்டு சங்கு நண்டுகள் இருக்கின்றன. காலிச் சங்காகப் பார்த்துத் தேடிப்பிடித்து, அதற்குள் பின்னுடம்பை நுழைத்துக்கொண்டு, வீட்டையே சுமந்து திரியும் இனம். புத்தகத்தில் துறவி நண்டு என்று போட்டிருக்கிறது. தேங்காய்ச் சில்லுக்காக இரண்டும் போடுகிற சண்டையைப் பார்த்த யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அடம்பிடித்து, சென்னையில் ஒரு மீன்தொட்டிக் கடையில் வாங்கியவை. "நாயி வேணாம், பூனை வேணாம், இதுவாச்சும் கொரைக்காது" என்று மனைவி ஒப்புக்கொண்டாள். துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் ஈரமணல் கொட்டி, கல்லுப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம் வைத்தோம். சாப்பாட்டுக்கு கேரட், தேங்காய், கொஞ்சம் பொடி இறால் கருவாடு. எங்கள் எளாவூர் வெயிலில் மணல் காய்ந்துவிடாமல் இருக்க மேலே ஈரச் சாக்கு.

இந்தக் கவனிப்பில் பெரிய நண்டு வளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் தொட்டால் கால்களை இழுத்துக்கொண்டு முழுசாக உள்ளே போய்விடும். இப்போது கொடுக்கு பாதி வெளியிலேயே நின்றது. பெரிய சங்கு கிடைக்காவிட்டால் பழையதை விட்டு வெளியே வந்து, உடம்பு காய்ந்து செத்துப்போகும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். மகளின் முகம் வாடிவிட்டது. பழவேற்காட்டுக்குப் போய் மூன்று காலிச் சங்குகள் வாங்கி வந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கும்மிடிப்பூண்டியில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் பதினோரு வருஷமாக இருப்பவன் நான். கை சும்மா இருக்குமா? நண்டோடு வந்த பழைய சங்கின் மேல் யாரோ பிரஷ்ஷால் தீற்றிய பச்சை உரிவதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வேறு. லைன் இன்சார்ஜிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ட்ரையல்னு மாட்டி உடு" என்றார். பம்பர்களுக்கு நடுவே மூன்று சங்குகளும் கொக்கியில் தொங்கிக்கொண்டு போயின. சிவப்பு, அதன்மேல் பளபளப்புக்கு ஒரு கோட், பிறகு அடுப்பு. தரம் பார்க்கும் பெண் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அண்ணா, பம்பரவிட சூப்பரா வந்துகீது" என்றாள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் டப்பில் வைத்தேன். பெரிய நண்டு கிட்டே வந்தது. மீசையால் தடவியது. கொடுக்கை உள்ளே விட்டுப் பார்த்தது. போய்விட்டது. மூன்று சங்குகளுக்கும் அதே மரியாதைதான்.

"பழகிக்கும்" என்றேன்.

மனைவி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "உள்ளாரயும் பெயிண்ட் பூந்துகீது. புதுசா பெயிண்ட் அடிச்ச ஊட்ல நாமளே தல நோவுதுன்னு வாசல்ல படுத்தோம். அது மட்டும் குடிபோவுமா?"

"இது அடுப்புல காஞ்ச பெயிண்ட்டு, வாசனையே வராது" என்று வாதாடினேன். நாலு நாள் பிடிவாதமாக அந்தச் சங்குகளையே டப்பில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அலறினாள். பெரிய நண்டு சங்கை விட்டு வெளியே வந்து, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. அத்தனை முரட்டுப் பிராணிக்கு இவ்வளவு மெல்லிய பின்னுடம்பா என்று அன்றுதான் பார்த்தேன். "அப்பா, செத்துடுமா?" என்றாள் மகள். வேலையில் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தே பழகியவன். நண்டு குடியிருக்கப்போவது உள்பக்கத்தில் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மனைவி செருப்புகூடப் போடாமல் வீட்டுக்குப் பின்னாலுள்ள வயல் வாய்க்காலுக்கு ஓடினாள். முந்தானையில் நாலைந்து காலி நத்தை ஓடுகளோடு திரும்பினாள். எல்லாம் சேறு. கழுவி, கொதிக்க வைத்து, ஆறவைத்து டப்பில் வைத்தாள். அதுவரை மகள் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் விட்டு நண்டைக் காயாமல் பார்த்துக்கொண்டாள்.

நண்டு மெல்ல வந்து ஓர் ஓட்டின் வாயில் மீசையை விட்டது. சுற்றிலும் அளந்தது. அடுத்த நொடி பின்னுடம்பு உள்ளே போனது. கால்களும் கொடுக்கும் அதன் பின்னாலேயே போயின. வெளியே ஒன்றுமே தெரியவில்லை. அழுக்குப் பழுப்பு ஓடு, பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். எங்கள் லைனில் அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

தரையில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"இன்னாய்யா, நீ அடிச்சத அது ரிஜெக்ட் பண்ணிட்ச்சு, நீ கை தட்டிக்கினு கீற?" என்றாள் மனைவி.

இன்னும் பலமாகத் தட்டினேன்.