மேளத்துக்குத் தலையாட்டிய குதிரை

மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்குக்குக் குதிரை வண்டி பிடித்தது ஆசையால் அல்ல, அவளை மடக்குவதற்குத்தான். சடங்கே வேண்டாமென்று மாதக்கணக்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் வெட்கம் என்றாள். நான் விடுவேனா? ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் போய் ஆராத்தி எடுத்தவள் நான். என் பிள்ளைக்குச் செய்யாவிட்டால் சனம் என்ன கதைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

புதன்கிழமைகளில் மதியத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. சுவிஸில் நாங்கள் இருக்கும் ஷ்லீரனில் பஸ் ஏறி ஒரு குதிரை லாயத்துக்குப் போய்ச் சாணம் அள்ளுவாள். வீட்டில் தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாத பிள்ளை! அங்கே ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. அதை 'அவர்' என்றுதான் சொல்வாள். தாய்மாமனுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நின்றால் அவர் நிம்மதியாக இருக்கிறாராம். கண்ணில் வெள்ளை தெரிந்தால் பயந்திருக்கிறாராம். நான் சமைக்கும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஓம், ஓம் என்று நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தக் குதிரையையே வண்டியில் பூட்டிக் கொண்டுவர லாயக்காரப் பெண் சம்மதித்த பிறகுதான் மகள் இறங்கி வந்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அவருக்குக் கிட்ட மேளம் அடிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ அம்மா."

பண்ணினேன். சத்தியம் பண்ணுவதற்கு என்ன கஷ்டம்?

சடங்கன்று மண்டபத்து வாசலில் என் தம்பி மேளகாரரை வரிசையாக நிறுத்தியிருந்தான். திடீரென்று நடந்ததல்ல, எனக்கு முதல் நாளே தெரியும். "மேளம் இல்லாமல் பிள்ளையை உள்ளுக்குக் கூப்பிடுறதோ அக்கா?" என்று அவன் கேட்டபோது நான் மறுப்புச் சொல்லவில்லை.

வண்டி வளைந்து உள்ளே வந்ததும் தவில் முழங்கியது. குதிரை தலையை மேலே மேலே எறிந்தது. "மேளத்துக்குத் தலையாட்டுது, பாருங்கோ!" என்று யாரோ சொல்ல, சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். எங்கள் தவிலுக்கு ஒரு சுவிஸ் குதிரை தாளம் போடுகிறதென்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. லாயக்காரப் பெண் குதித்து இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்தபடி, மேளத்தை நிறுத்தச் சொல்லி என்னிடம் கத்தினாள். வேலையிடத்தில் மேற்பார்வையாளர் முணுமுணுத்தாலே எனக்கு விளங்கும். அன்று மட்டும் டொச் என்கிற ஜெர்மன் மொழியே தெரியாதவள் மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

"அம்மா, அவர் ஆடேல்லை. அவருக்குப் பயம்" என்றாள் மகள் வண்டியிலிருந்து.

"வீடியோ எடுக்கினம். சிரிச்சுக்கொண்டு இரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பட்டுச் சேலையை ஒரு கையால் அள்ளிக்கொண்டு தானே இறங்கினாள். குதிரையின் தோளோடு ஒட்டி நின்று கழுத்தில் கையை வைத்தாள். அதைப் பார்த்த தவில்காரர் யாரும் சொல்லாமலே கையை நிறுத்தினார். மெல்ல மெல்லக் குதிரையின் தலை தாழ்ந்தது. வாயை மென்றது. என்னைத் தவிர அந்த வாசலில் எல்லோரும் அமைதியாகத்தான் நின்றார்கள்.

எனக்கோ மானம் போகிற அவசரம். பெண் இப்படி நடுவழியில் இறங்கி நிற்பதா? "என்ன கூத்து இது? ஏறு வண்டியிலை!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

குதிரையின் தலை விசுக்கென்று மேலே போனது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. அவள் சொல்லித் தந்த வெள்ளை. அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குதிரைக்குப் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் சொன்னாள்: "மேளம் நிண்டிட்டுது அம்மா. இப்ப அவர் உங்களுக்குத்தான் பயப்பிடுறார்."

நல்லவேளை, வேறு யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

லாயக்காரப் பெண் குதிரையை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குதிரைக்காகப் பேச ஒருத்தி இருந்தாள். மகள் மண்டபத்துக்குள் நடந்து வந்தாள். மேடையில் இருத்தினோம், இருந்தாள். சிரிக்கச் சொன்னோம், சிரித்தாள். எல்லாப் படத்திலும் அழகாக இருக்கிறாள். நான்தான் அந்த ஆல்பத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

போன கிழமை, சாப்பாடு ஆறுகிறதென்று வழக்கம்போலக் குசினியிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். கோபமொன்றும் இல்லை, சும்மா என் குரலே அப்படித்தான். அறைக்கதவு திறந்திருந்தது. முதுகைக் காட்டி இருந்து படித்துக்கொண்டிருந்தவளின் தோள் இரண்டும் சட்டென்று காது வரைக்கும் ஏறியதைப் பார்த்தேன். பிறகு இறங்கின. "வாறன் அம்மா" என்றாள்.

எத்தனை வருடமாக அந்தத் தோள்கள் அப்படி ஏறி இறங்கினவோ, எனக்குத் தெரியாது.